அடிச்ச மீன்

புன்னைத்துறை மீன் சந்தையில் தொம்மையின் ரத்தத்தைக் கழுவிவிட்டு, அவனை அடக்கம் செய்துவிட்டு, சாவுக்காகக் கரையிலேயே கிடந்த படகுகளெல்லாம் மறுபடி கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் காலையில், அந்த ஊரிலிருந்த எந்தக் கத்தியும் மீனை வெட்டவில்லை. மழுங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். சாணை பிடிக்கிறவரைக் கூட்டிவந்து, அவர் தீப்பொறி பறக்கப் பிடித்துக் கொடுத்த பிறகும் விளமீனின் முதுகில் வைத்த கத்தி கண்ணாடியில் வைத்ததுபோல வழுக்கிக்கொண்டு போனதால், பாவம் அந்த மனுஷரை நாலு பேர் சேர்ந்து அடித்துப் பல்லை உடைத்தார்கள். உடைந்த பல்லைத் துப்பிவிட்டு அவர் அதே கத்தியால் கத்தரிக்காயை வெட்டிக் காட்டினார், ஆட்டுத் தொடையை வெட்டிக் காட்டினார், சும்மா கிடந்த வடக்கயிற்றையும் வெட்டிக் காட்டினார். எல்லாம் வெட்டியது, மீன்தான் வெட்டவில்லை. இதென்ன கூத்து என்று மீன் ஆய்கிற காணிக்கை என்கிறவள் கத்தியின் விளிம்பை லேசாகத் தடவிப் பார்த்தாள். அவளுடைய ஆள்காட்டி விரல் தனியாகப் போய் சாளைக் கூடைக்குள் விழுந்தது. அவள் கத்துவதற்கே கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் வலியே இல்லாமல் அப்படி ஒரு வெட்டு. கத்திகளுக்கு மீன் மறந்துவிட்டது, மனுஷன் மட்டும் நினைவிருக்கிறது என்று அன்றைக்கே ஊருக்குப் புரிந்துவிட்டது.

ஏன் என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. எஸ்கலினுக்கு மட்டும் ஏன் என்று தெரியும், அல்லது தெரியும் என்று நம்பினாள்.

எஸ்கலின் சந்தையின் வடக்குக் கோடியில், தகரக் கூரைக்குக் கீழே, பொரிப்புக் கடை வைத்திருந்தவள். வருகிறவர்கள் சந்தைக்குள் நடந்து தங்களுக்குப் பிடித்த மீனைத் தாங்களே செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டு வருவார்கள், அதை வெட்டி, மசாலா தடவி, அகலக் கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பொரித்து, சோறும் புளிக்குழம்பும் வைத்து, சிமெண்டுத் திண்டின்மேல் இலை போட்டுக் கொடுப்பாள். நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். நாற்காலி போட்டால் எழுந்திருக்க மாட்டார்கள் என்பாள். புருஷன் கடலோடு போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அந்தக் கல்லும், அம்மா சாகும்போது அவள் மடியில் போட்டுவிட்டுப் போன தம்பி ரெமிஜியூஸும்தான். அவனுக்கு மூக்கைத் துடைத்து, கோயிலில் முதல் நன்மை என்கிற முதல் அப்பம் வாங்க வெள்ளைச் சட்டை தைத்து, படகில் பங்கு வாங்கிக் கொடுத்து ஆளாக்கியவள் அவள். ஊரில் அவனை ரெமி என்றார்கள், அவள் மட்டும் தம்பி என்றாள்.

அந்தச் சந்தையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுக்கிறவள் வெட்டுக்கட்டைமேல் வைக்க வேண்டும், வாங்குகிறவள் கட்டையிலிருந்து எடுக்க வேண்டும். எவ்வளவு அவசரமென்றாலும், எதிரில் நிற்பது சொந்தத் தாயே என்றாலும் அப்படித்தான். தொம்மை செத்த அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கூட்டம் கடையை மொய்த்துக்கொண்டு நின்றது, எஸ்கலின் ஒரு கையால் கல்லில் மீனைப் புரட்டிக்கொண்டு மறுகையால் கணவாயை அரிந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் மூன்று கடை தள்ளி, ரெமி விற்க வைத்திருந்த சூரையின் செவுளைப் பக்கத்துக் கடை தொம்மை தூக்கி, வெளியூர்க்காரர்கள் நாலு பேருக்குக் காட்டி, "இது முந்தாநேத்து மீனு சார், ஐஸுல கெடந்தது, நம்ம கிட்ட வாங்க" என்றான். மீன்காரனைப் பார்த்து அவன் மீன் செத்து நாளாச்சு என்று வாங்க வந்தவன் முன்னால் சொல்வது, புன்னைத்துறையில் அவன் பெண்டாட்டியைப் பேசுவதைவிடப் பெரிய பேச்சு. ரெமி நேராக அக்காவிடம் வந்தான்.

"எக்கா, கத்தியக் குடு."

மீனைத்தான் ஆயப்போகிறான் என்று நினைத்து, கல்லில் இருந்த கண்ணை எடுக்காமல், எஸ்கலின் கத்தியை அவன் கையில் கொடுத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது தொம்மை ஐஸ் பெட்டிமேல் சரிந்து கிடந்தான். வயிற்றிலிருந்து வந்தது ஐஸைச் சிவப்பாக்கி, உருக்கி, பெட்டியின் ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. செத்துக்கொண்டிருந்தவன் அப்போதும் விடாமல், "முந்தாநேத்து மீனுதாம்ல" என்றான். ரெமி இன்னொரு தடவை குத்தினான். அப்புறம் போலீஸ் வந்தது, அவனைக் கொண்டுபோனார்கள்.

அப்படித்தான் கத்திகள் மீனை விட்டன. முதல் வாரம் ஊர் அல்லாடிப் போனது. சாளையும் நெத்திலியும் சின்ன மீன், நகத்தால் கிள்ளி ஆய்ந்தார்கள். கணவாயைப் பிய்த்தார்கள். பாறை, சீலா மாதிரிப் பெரிய மீன்களை ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கிழித்தார்கள், முள் குத்திக் கை புண்ணாகி, சந்தை முழுக்க மஞ்சள் தடவிய கைகளாக நின்றன. பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி, மந்திரித்த கத்தியால் தானே ஒரு மீனை அறுக்கிறேன் என்று உட்கார்ந்து, கட்டை விரலைப் பறிகொடுத்து, அதற்கப்புறம் நற்கருணை அப்பத்தை மிச்ச நாலு விரலால் கொடுத்தார். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. வேலையில்லாமல் போன கத்திகளை என்ன செய்வது என்று தெரியாமல் ஆம்பளைகள் இடுப்பில் செருகிக்கொண்டார்கள். இடுப்பில் கத்தி இருந்தால் பேச்சின் தோரணையே மாறிவிடுகிறது, ஏலத்தில் குரல் உயர்ந்தால் கை இடுப்புக்குப் போனது, காதும் மூக்கும் அறுந்து தையல் போட்டவர்கள் திருவிழாக் கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

எஸ்கலின்தான் வழி கண்டுபிடித்தாள். படகுப் பட்டறையிலிருந்து ஒரு கொட்டாப்புளியை, பலகையைத் தட்டி இறுக்குகிற அந்தப் பெரிய மரச் சுத்தியலை, வாங்கிவந்து, முழு மீனை வெட்டுக்கட்டைமேல் போட்டு, தோலோடு சேர்த்து அடித்தாள். அடித்து அடித்து உள்ளே முள்ளெல்லாம் விட்டுப்போன பிறகு அதை ஒரே இழுப்பில் உருவி எறிந்துவிட்டு, நசுங்கின சதையில் மிளகும் பூண்டும் புளியும் சேர்த்து மறுபடி அடித்து, அப்படியே கல்லில் தட்டிப் போட்டாள். மசாலா சதையெல்லாம் ஏறியிருந்த அந்த மீனுக்கு அப்படி ஒரு ருசி வந்ததுதான் பெரிய அநியாயம். அடிச்ச மீன் என்று பேரானது. வெளியூரிலிருந்து காரில் வந்தார்கள், நின்று தின்றார்கள், இலையை வழித்தார்கள், அடிக்கிறதைப் போனில் படம் பிடித்தார்கள். ஒரு மாதத்தில் சந்தையில் எல்லாக் கடையிலும் கொட்டாப்புளி வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை தொம்மு தொம்மென்று அந்தச் சத்தம் கோயில் வரை கேட்டது, பெண்களுக்குத் தோள் திரண்டது, அடிக்கப் பழகின கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை, பிள்ளைகள் அழுகிற சத்தமும் பெண்டாட்டிகள் அழுகிற சத்தமும், மாறாக இரண்டொரு வீட்டில் புருஷன்மார் அழுகிற சத்தமும், அதோடு சேர்ந்து கேட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி கித்தேரியைச் சொல்ல வேண்டும். தொம்மையின் தாய். புன்னைத்துறையில் கொலை விழுந்த வீட்டில், அந்தக் கொலைக்கு இன்னொரு உயிர் ஈடு ஆகிற வரைக்கும் அடுப்பு எரியக்கூடாது. அந்த வீட்டாருக்குச் சந்தைதான் சோறு போட வேண்டும், சந்தையில் சமைத்த சோறு கிடைக்கிற இடம் பொரிப்புக் கடை, பொரிப்புக் கடை ஒன்றே ஒன்றுதான், அது கொன்றவனின் அக்கா கடை. இந்தக் கட்டுப்பாட்டை ஏற்படுத்தினவர்களுக்கு இப்படியும் நடக்குமென்று தோன்றியிருக்காது. அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் கித்தேரி மூத்த மகன் பெர்க்மான்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து திண்டுக்கு முன்னால் நின்றாள். சுற்றி நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். எஸ்கலின் இலை போட்டாள், சோறு வைத்தாள், இருந்ததிலேயே பெரிய விளமீனை வைத்தாள். கித்தேரி ஒரு வாய் வைத்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பசிக்குதே மக்கா," என்றாள் எஸ்கலினைப் பார்க்காமல். "பிள்ளையக் குழிக்குள்ள வச்சிட்டு வந்தவளுக்குப் பசிக்குதே. அதுதான் வெக்கமா இருக்கு."

பெர்க்மான்ஸ் சாப்பிட்டான், கை கழுவினான், இடுப்பிலிருந்த கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், போனான். ரெமி ஜாமீனில் வருகிற அன்றைக்கு அந்தக் கத்தி என்ன செய்யும் என்று எஸ்கலினுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அதனால் அவள் சோறு போட்டாள். வேறென்ன செய்ய முடியும் அவளால்? ஒவ்வொரு மத்தியானமும் முதல் மீன் அவர்களுக்கு, நடுச்சதை அவர்களுக்கு, பெர்க்மான்ஸுக்கு நண்டு பிடிக்கும் என்று கேள்விப்பட்டு நண்டு, கித்தேரிக்குப் பல் இல்லை என்று முள் பார்த்த சதை. தின்னத் தின்ன மனசு இளகாதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை. மரியாயி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி, அவன் வாயில் என் உப்பு இறங்கட்டும் தாயே என்று கேட்டாள். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஆட்டுக்குத் தழை போடுற மாதிரி போடுதா பாரு என்று காணிக்கைகூடச் சொன்னாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பெர்க்மான்ஸ் முதல்முதலாக வாயைத் திறந்தான். "உப்புத் தூக்கல்," என்றான்.

எஸ்கலினுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. திட்டினாலும் பேச்சுதானே. மறுநாள் அவன் சீக்கிரமாகவே வந்து, கூட்டம் மொய்க்கிறதையும் அவள் ஒற்றையாக அடித்துக்கொண்டு நிற்கிறதையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்தான்.

"சும்மா திங்க ஒரு மாதிரி இருக்கு. இங்க குடு, நான் அடிக்கேன்."

"ஒங்களுக்கு எதுக்குண்ணே..."

"குடு."

கொடுத்தாள். படகுக்காரன் கை, பலம் இருந்தது, பக்குவம் இல்லை. அவன் அடித்த முதல் சூரை கூழாகி அவன் முகத்திலேயே தெறித்தது. எஸ்கலின் சிரித்துவிட்டாள், சிரித்துவிட்டுப் பயந்தாள், அவனும் லேசாக உதட்டைச் சுழித்ததைப் பார்த்து மறுபடி சிரித்தாள்.

"கண்டபடி அடிக்கக் கூடாதுண்ணே. இங்க பாருங்க, தலைக்குப் பின்னால, முதுகு முள்ளு தொடங்குற எடம். இந்த எடத்துல ஒரே அடி. விழுந்ததும் முள்ளு மொத்தமும் விட்டுப்போவும், தோலு கிழியாது."

பழகிக்கொண்டான். அதற்கப்புறம் தினமும் வந்தான். ஒரு மீன் முடிந்ததும் கொட்டாப்புளியில் செதில் அப்பிக்கொள்ளும், அவன் பார்க்காமலே பின்னால் நீட்டுவான், அவள் வாங்கித் தொட்டித் தண்ணீரில் அலசுவாள், அதற்குள் அவன் அடுத்த மீனைக் கட்டையில் வைத்துவிட்டுக் கையை நீட்டுவான், அவள் அந்தக் கையில் வைப்பாள். பேச்சு தேவைப்படவில்லை. கத்திக்கு உள்ள கட்டுப்பாடு கொட்டாப்புளிக்கு இல்லை, அது கத்தி இல்லையே, அதனால் கைக்குக் கை போய்வருவதை யாரும் கவனிக்கவில்லை. சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வருகிற அந்த ஒழுங்கு அவர்களுக்கு வந்துவிட்டது. எஸ்கலின் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வந்தது, தொம்மை செத்த பிறகு அவள் தூங்கினதே அப்போதுதான்.

ரெமிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் ஆள் அனுப்பினதும் அவள் நேராகக் கித்தேரியின் வீட்டுக்குப் போய் வாசலில் முழங்காலிட்டாள். சாம்பல்கூட இல்லாமல் துடைத்துக் கிடந்த அடுப்பு வாசலிலிருந்தே தெரிந்தது.

"மாமி, அவன் இந்த ஊருக்கு வரமாட்டான். கொல்லத்துல எங்க சித்தி வீட்டுக்கு அனுப்பிருதேன். ஆயுசுக்கும் ஒங்களுக்கு நான் சோறு போடுதேன். அவன விட்டுருங்க."

கித்தேரி அவள் தலையில் கை வைத்தாள். "நீ போட்ட சோத்துலதான் ஏட்டி இந்த உசிரு நிக்கி. எனக்கு எதுவும் வேண்டாம். ஆனா எம் மவன் வயித்துக்குள்ள என்ன கெடக்குன்னு எனக்கே தெரியல."

கொல்லத்துக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்பியும் ரெமி கேட்கவில்லை. சிறையில் மாதக்கணக்காகப் பருப்பும் களியும் தின்றவனுக்கு அக்கா கல்லில் பொரித்த மீன்தான் கண்ணில் நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டத்தோடு கூட்டமாகச் சந்தைக்குள் வந்து, திண்டின்மேல் ரெண்டு முழங்கையையும் ஊன்றினான். மெலிந்துபோயிருந்தான்.

"எக்கா, பசிக்கு. மீனு போடு," என்றான்.

பெர்க்மான்ஸ் அவனுக்கு ஒரு கை தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெரிய சூரையை அடித்துக்கொண்டிருந்தான். குரலைக் கேட்டதும் நிறுத்தினான். கொட்டாப்புளியைப் பின்னால் நீட்டினான், எஸ்கலின் வாங்கிக்கொண்டாள், அவன் திரும்பும்போதே கை இடுப்புக்குப் போய்விட்டது. "அண்ணே," என்று அவள் கத்தி முடிப்பதற்குள் அவன் ரெமியின் முடியைப் பிடித்துத் தலையைத் திண்டின்மேல் அழுத்தி, பக்கத்து இலையின் சோறும் குழம்பும் சிதற, கழுத்தில் கத்தியை இறக்கினான்.

கத்தி வழுக்கியது.

மறுபடி ஓங்கினான். மறுபடி வழுக்கியது. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை, கோடுகூட இல்லை, கண்ணாடிமேல் போகிறதுபோலப் போய்ச் சிமெண்டில் மோதித் தீப்பொறி பறந்தது. மூன்றாவது தடவை வீச்சு தவறி, கட்டைமேல் கிடந்த சூரையில் விழுந்தது. சூரை ரெண்டாகப் பிளந்து, ரத்தம் கட்டையெல்லாம் வழிந்தது.

பிறகு காணிக்கை மிச்சமிருந்த விரல்களால் தன் கத்தியை எடுத்து ஒரு விளமீனில் வைத்தாள், அது வாழைத்தண்டு மாதிரி அறுந்தது, அவள் "மாதாவே!" என்று அலறினாள். அவ்வளவுதான். சந்தை முழுவதும் வெறிபிடித்ததுபோல வெட்ட ஆரம்பித்தது, இடுப்பிலிருந்த கத்திகளெல்லாம் வெளியே வந்து மீன்மேல் விழுந்தன, பாறையை வெட்டினார்கள், சீலாவை வெட்டினார்கள், வெட்ட வேண்டாத நெத்திலியைக்கூட வெட்டினார்கள், சிலர் தங்கள் கையிலேயே கத்தியை இழுத்துப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தார்கள், சிலர் கட்டிப்பிடித்து அழுதார்கள், தலைகளும் வால்களும் பறந்தன, கோயில் மணியை யாரோ அடித்தார்கள்.

எஸ்கலின் தம்பியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திண்டில் கவிழ்ந்தபடி, முகமெல்லாம் சோற்றோடு, ஒன்றுமே ஆகாமல், தோளைக் குலுக்கி அழுதுகொண்டிருந்தான். அவளுக்கும் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, மாதாவே என் உப்பு இறங்கிவிட்டது, இறங்கிவிட்டது என்று வாய் தானாக முணுமுணுத்தது. அவள் கை, தன் பாட்டில், தொட்டித் தண்ணீரில் கொட்டாப்புளியை அலசிக்கொண்டிருந்தது. பெர்க்மான்ஸ் கத்தியை வீசி எறிந்தான். கட்டையைப் பார்த்தபடியே, எப்போதும் நீட்டுகிற மாதிரி, கையைப் பின்னால் நீட்டினான்.

அவள் வைத்தாள்.

தலைக்குப் பின்னால், முதுகெலும்பு தொடங்குகிற இடத்தில், ஒரே அடி. அவள் காட்டிக்கொடுத்த இடம்தான். தோல் கிழியவில்லை. அந்தக் கொண்டாட்டச் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரிக்குக்கூட அது கேட்கவில்லை, மீன் அடிக்கிற சத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசமும் இல்லை. ரெமி அழுகிறதை நிறுத்தினான். அவன் வாயிலிருந்து வந்த ரத்தம் இலையின் விளிம்புவரை ஓடி, சோற்றில் ஊறியது.

பெர்க்மான்ஸ் கொட்டாப்புளியைப் பின்னால் நீட்டினான், அவள் வாங்கிக்கொள்வதற்காக. அவள் வாங்காததால் அது கீழே விழுந்தது. அப்போதுதான் அவனும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, யாரும் பிடிக்காமல், தானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் கித்தேரியின் வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்தது. கத்திகள் அதற்கப்புறம் ஒரு குறையும் வைக்கவில்லை, மீனையும் வெட்டின, அஜாக்கிரதையாக இருந்தால் விரலையும் வெட்டின, எல்லா ஊர்க் கத்தியையும்போல. கொட்டாப்புளிகள் படகுப் பட்டறைக்குத் திரும்பிப்போயின. காரில் வருகிறவர்கள் அடிச்ச மீன் இல்லையா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெட்டின மீனைத் தின்றார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் எஸ்கலின் கடைக்கு வந்து நின்றாள். கல்லை மூட்டவில்லை. கொலை விழுந்த வீடு இப்போது அவளுடையது, ஈடு ஆகிற வரைக்கும் அவள் அடுப்பு எரியக்கூடாது, சந்தைதான் அவளுக்குச் சோறு போட வேண்டும். யார் போடுவது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, கித்தேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திண்டுக்கு உள்பக்கம் போய், கல்லை மூட்டி, எண்ணெய் விட்டு, கத்தியால் ஒரே அளவாக நறுக்கின விளமீனைப் பொரித்தாள். இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். மீனைக் கையில் கொடுக்காமல் இலையில் வைத்தாள்.

"தின்னுட்டி," என்றாள். "எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சிட்டு. ஒன் வீட்டுல எப்ப எரியும்? ஒனக்கு யாரு இருக்கா ஈடு கேக்க? யாருகிட்டப் போய்க் கேப்ப?"

எஸ்கலின் மீனைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்த தன் வலது கையைப் பார்த்தாள். கத்தியைக் கொடுத்ததும் அந்தக் கைதான், கொட்டாப்புளியைக் கொடுத்ததும் அந்தக் கைதான். ஆனால் பசித்தது, வெட்கமில்லாமல் பசித்தது, அந்தக் கையாலேயே எடுத்து வாயில் வைத்தாள்.